மெய்நிகர் முனையமும் சொற்பொருளறிவும்

ஒரு தொழிலைக் கற்கப் புகுவோன் முதற்கண் அறியத்தக்கது அத்தொழிலில் வழங்கும் சொற்களின் பொருளேயாகும். தச்சன் மகன் மரத்திற் கைவைக்குமுன் உளிக்கும் இழைப்புளிக்கும் உள்ள வேற்றுமையை அறிகின்றான். வைத்தியம் பயில்வோன் நாடிக்கும் நரம்புக்கும் உள்ள வேற்றுமையை அறியாது மருந்து கொடுக்கத் துணியான். ஆயின், கணிப்பொறித் தொழிலிற் புகும் நம் இளைஞருட் பலர் கருவியைக் கையாளும் வகையை விரைவிற் கற்றுக்கொண்டு, அதன் உறுப்புக்களுக்கு இட்ட பெயர்களின் பொருளை ஆராயாதே விட்டுவிடுகின்றனர். இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணிப்பொறியோடு புறத்தேயுள்ள நிரல்கள் உறவாடும் முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை ஈண்டு விளக்கக் கருதுகின்றேன்.

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறியோருட் சிலர் இன்று வங்கி, இன்ஷூரன்ஸ், ஓய்வூதியம் முதலியவற்றின் கணக்குகளைக் காக்கும் நிலையங்களில் இத்தொழிலையே செய்து வருகின்றனர். இப்பொழுது வகுப்பிலிருக்கும் மாணாக்கரிலும் சிலர் அவ்வழியே செல்லக்கூடும். ஆதலின் என் கருத்தைத் தொடக்கத்திலேயே சுருங்கக் கூறிவிடுகின்றேன். இத்துறையின் அடிப்படைச் சொற்கள் வெறும் பெயர்களல்ல. ஒவ்வொன்றும் ஒரு கடமையைக் குறிப்பது. சொல்லின் பொருளை மயங்கவுணர்ந்தவன் கடமையிலும் மயங்குவான். அம்மயக்கத்தின் பயனை அனுபவிப்பவனோ அவனல்லன். அவன் முகமறியாத ஒரு கணக்குடையவனாவான்.

இனி வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஐ.பி.எம். கம்பெனியார் சிஸ்டம் 360 என்னும் பெருங்கணிப்பொறி வரிசையை 1964-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ந் தேதி அறிவித்தனர். அக்காலத்தில் வேலைகள் பெரும்பாலும் துளையிட்ட அட்டைகளின் வாயிலாகக் கட்டுக்கட்டாகவே பொறிக்குக் கொடுக்கப்பட்டன. பலரும் தத்தம் மேசையிலிருந்தே பொறியோடு தொடர்புகொள்ள வேண்டிய தேவை வரவர மிகுந்தது. 1971-ம் ஆண்டில் 3270 என்னும் முனைய வரிசை வெளிவந்தது. முனையம் என்பது டெர்மினல் என்பதன் தமிழ். திரையும் விசைப்பலகையும் அதற்குண்டு. கணக்கை ஆராய்ந்து முடிவுசெய்யும் ஆற்றல் அதற்கில்லை. அவ்வரிசையைச் சேர்ந்த 3277 என்னும் திரையில் ஒருவகை 480 எழுத்துக்களைக் காட்டியது. மற்றொருவகை 24 வரிகளில், வரிக்கு 80-ஆக, 1920 எழுத்துக்களைக் காட்டியது. இப்பின்னதன் அளவே இன்றுவரை பெருவழக்காக நின்று நிலவுகின்றது.

இம்முனையம் தட்டச்சுத் தந்திப்பொறியை ஒத்ததன்று. தந்திப்பொறியில் அழுத்திய எழுத்து ஒவ்வொன்றும் அப்பொழுதே கம்பி வழியே சென்றுவிடும். 3270 முனையமோ அலுவலகங்களில் நாம் நிரப்பிக் கொடுக்கும் விண்ணப்பப் படிவத்தை ஒத்தது. பெருங்கணிப்பொறி ஒரு படிவத்தைத் திரைக்கு அனுப்பிவைக்கின்றது. இருப்பவர் அதிலுள்ள வெற்றிடங்களைத் தம் விருப்பப்படி நிதானமாக நிரப்புகின்றார்; பிழையிருப்பின் திருத்துகின்றார். அதுகாறும் பெருங்கணிப்பொறி அவரைப்பற்றி யாதும் அறியாது. நிரப்பி முடித்தபின் ஒரு விசையை அழுத்தியவுடனே, மாற்றப்பட்ட பகுதிகள் மட்டும் ஒருங்கே சேர்ந்து செல்கின்றன. கம்பிகள் மந்தமாகவும் பொறியின் நேரம் விலைமிக்கதாகவும் இருந்த காலத்தில், ஒரே பொறி மிகப்பலர்க்கு ஊழியஞ் செய்யும்படி வகுத்த சிக்கன முறை இது.

படிவத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் புலம் என்று பெயர். ஆங்கிலத்தில் பீல்டு என்பர். ஒவ்வொரு புலத்தின் தொடக்கத்திலும் ஒரு பண்புக்குறி நிற்கும். அப்புலம் எழுதத்தக்கதா, காக்கப்பட்டதா, எண் மட்டும் ஏற்பதா, கண்ணுக்குத் தோன்றாது மறைந்திருக்க வேண்டுவதா என்பவற்றை அக்குறியே அறிவிக்கும். கடவுச்சொல்லை எழுதும்பொழுது திரை வெறுமையாகத் தோன்றுவது இக்குறியினாலேதான். இப்பண்புக்குறி திரையில் ஓரெழுத்தின் இடத்தைத் தானே அடைத்துக்கொள்கின்றது. காண்போர்க்கோ அவ்விடம் வெற்றிடமாகவே தோன்றும். இதனை உணராது எண்ணுவோன் ஓரிடம் தவறி எண்ணுவான்.

படிவத்தைக் கொடுத்தற்குரிய விசைகளைக் கவனவிசைகள் என்னலாம். என்டர் விசையும், பி.எப். எனப்படும் 24 விசைகளும், பி.ஏ. எனப்படும் 3 விசைகளும், கிளியர் விசையும் இவ்வகையின. பெருங்கணிப்பொறியின் கவனத்தை ஈர்ப்பன இவை. இவற்றுள் பி.ஏ. விசைகளும் கிளியர் விசையும், அழுத்தப்பட்ட விசை இன்னதென்பதை மட்டும் அறிவிக்கும்; புலங்களில் எழுதியதைக் கொண்டு செல்லா. கவனவிசையை அழுத்தியதும் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். விடை வந்து பூட்டு நீங்குமளவும் யாதொன்றும் எழுதலாகாது. பூட்டியிருத்தலைத் திரையின் அடியிலுள்ள நிலைவரி ஒரு பெருக்கற்குறியாலும் கடிகார வடிவத்தாலும் காட்டும். காத்திரு என்பதே அக்குறியின் பொருள்.

நிற்க. 1981-ம் ஆண்டில் ஐ.பி.எம். மேசைக்கணிப்பொறி வெளிவந்தபின், ஒரே மேசையில் முனையம் ஒன்றும் கணிப்பொறி ஒன்றுமாக இரண்டைச் சுமப்பது வீண் என்று யாவரும் உணர்ந்தனர். 1983-ம் ஆண்டில் இரண்டையும் ஒருங்கே அடக்கிய 3270 பி.சி. வந்தது. முனையத்தைப் போலவே நடிக்கும் நிரல்களும் பெருகின. இவற்றை எமுலேட்டர் என்பர். முனையம் என்னும் பொருள் மறைந்து அதன் நடத்தை மட்டும் எஞ்சிய இந்நிலையே மெய்நிகர் முனையம் என்னும் பெயருக்குக் காரணம். வலைத்தொடர்பு பரவியபின், டெல்நெட் என்னும் முறையின்மேல் 3270 செய்திகளை அனுப்பும் விதி 1988-ம் ஆண்டில் வெளியாகி, 1994-லும் 1998-லும் விரிவாக்கப்பட்டது. இன்று ஒரு மடிக்கணிப்பொறியில் நாலைந்து முனையங்களைத் திறந்துவைத்துக்கொள்ளுதல் எளிய செயலாகும்.

மெய்நிகர் முனையம் வந்தபின் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. முனையமே ஒரு நிரலாய்விட்டமையால், அதன்முன் மனிதர் அமரவேண்டுவதும் இன்றியமையாததன்று என்றாயிற்று. எச்.எல்.எல்.ஏ.பி.ஐ. என்னும் பெயருடைய ஒரு வழி 1980-களில் வகுக்கப்பட்டது. அதன்படி வேறொரு நிரல் எமுலேட்டரிடம் சென்று, திரையிலுள்ளதைப் படித்துக்கொடு, இவ்விசையை அழுத்து, பூட்டு நீங்கும்வரை காத்திரு என்று எண்களாற் கட்டளையிடலாம். 1 என்பது பற்றுதல், 3 விசையழுத்தல், 4 காத்திருத்தல், 5 திரை முழுவதையும் படியெடுத்தல், 6 திரையில் ஒரு சொல்லைத் தேடுதல், 2 பற்றுவிடுதல். இங்ஙனம் கட்டளையிடும் நிரலையே புறநிரல் என்கின்றேன். அந்நிரல் காணும் திரையின் உள்ளுருவத்திற்குப் பிரஸென்டேஷன் ஸ்பேஸ், அதாவது காட்சிவெளி, என்று பெயர். காட்சிவெளி என்பது நாம் காணும் கண்ணாடியன்று. சாளரத்தைச் சிறிதாக்கி மறைத்துவிடினும் அக்காட்சிவெளி நினைவகத்தில் நிற்கும். புறநிரலும் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும்.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். பெருங்கணிப்பொறிக்குத் தன்னெதிரே அமர்ந்திருப்பது மனிதரா நிரலா என்பது தெரியாது. அதன் அறிவுக்கெட்டுவது ஒரு முனையம், ஓர் அடையாளப்பெயர், நிரப்பிய படிவம் என்னும் இவையே. 1971-ம் ஆண்டில் இம்முறையை வகுத்தோர், கண்ணாற் பார்த்து, பெயர் சரியா என்று ஒப்பிட்டு, ஐயமுண்டாயின் கையை நிறுத்திக்கொள்ளும் ஒரு குமாஸ்தாவை அந்நாற்காலியில் வைத்தே எண்ணினர். அந்நாற்காலியில் நாம் நிரலை அமர்த்துகின்றோம். குமாஸ்தாவின் கைவேகத்தை அதற்குக் கொடுத்தோம். கண்ணையும் ஐயப்பாட்டையும் கொடுத்தோமா? இவ்வினாவிற்கு விடையளிக்கவே சொற்பொருளறிவு வேண்டும்.

இத்துறையில் மிகுந்த மயக்கத்தைத் தருவது "இணைக்கப்பட்டது" என்னும் ஒரு சொல்லாகும். இவ்வொரு சொல்லினுள் நான்கு வெவ்வேறு செயல்கள் அடங்கியுள்ளன. முதலாவது, எமுலேட்டருக்கும் எதிரிலுள்ள டெல்நெட் சேவையகத்திற்கும் இடையே ஏற்படும் வலைத்தொடர்பு. இரண்டாவது, பெருங்கணிப்பொறியில் இயங்கும் பயன்பாட்டிற்கும் முனையத்திற்குப் பதிலாக நிற்கும் தருக்க அலகிற்கும் இடையே ஏற்படும் அமர்வு. மூன்றாவது, அடையாளப்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ஒருவர் உட்புகும் நுழைவு. நான்காவது, புறநிரல் எமுலேட்டரின் காட்சிவெளியைப் பற்றிக்கொள்ளுதல். முதல் மூன்றும் பெருங்கணிப்பொறியை நோக்கிச் செல்வன. நான்காவதோ மேசைக்கணிப்பொறியினுள்ளேயே நிகழ்வது. புறநிரல் காட்சிவெளியைச் செவ்வனே பற்றிக்கொண்டும், அப்பால் எந்தப் பயன்பாடும் விழித்திராமலிருக்கக்கூடும். வாயிற்படியில் நிற்றலும், கூடத்தில் அமர்தலும், தன் பெயரைச் சொல்லுதலும், பக்கத்திலிருப்பவர் தோளைத் தொடுதலும் ஒன்றாகுமா? ஆகாவன்றே.

இவற்றுள் அமர்வு என்பதைச் சிறிது விரிப்போம். செஷன் என்னும் இச்சொல்லிற்கு 1974-ம் ஆண்டில் ஐ.பி.எம். அறிவித்த எஸ்.என்.ஏ. என்னும் வலையமைப்பு முறையில் வரையறுத்த பொருளுண்டு. பயன்பாட்டின் பக்கத்திலிருந்து பைண்டு, அதாவது கட்டு, என்னும் கட்டளை வருகின்றது. இன்ன அளவுள்ள திரை, இன்ன முறையில் மாறிமாறிப் பேசுதல் என்னும் உடன்பாடுகள் அதில் அடங்கியுள்ளன. முனையத்தின் பக்கம் அதனை ஏற்பின் அமர்வு தொடங்குகின்றது. அன்பைண்டு, அதாவது கட்டவிழ், என்னும் கட்டளையோடு முடிகின்றது. ஆகவே அமர்வு என்பது பொருளன்று, கம்பியுமன்று. இருவர் தமக்குள் செய்துகொண்ட, தொடக்கமும் முடிவுமுடைய ஓர் உடன்பாடு.

அமர்வும் உரையாடலும் ஒன்றென்று எண்ணுதலும் பிழை. 1969-ம் ஆண்டில் வெளிவந்த சி.ஐ.சி.எஸ். என்னும் புகழ்பெற்ற தொகுதியில், ஒரு படிவத்தை அனுப்பியவுடன் அதனை அனுப்பிய நிரல் தன் வேலையை முடித்துக்கொண்டு அகன்றுவிடுதல் பெருவழக்கு. இருப்பவர் சிந்தித்து நிரப்பும் நேரமெல்லாம் அவருக்கென்று எந்த நிரலும் விழித்திருப்பதில்லை. நினைவிலிருக்க வேண்டிய குறிப்பு மட்டும் ஒருபுறம் எடுத்துவைக்கப்பட்டிருக்கும். அமர்வோ இடையறாது நிற்கும். சி.ஐ.சி.எஸ். நிரல்களே மற்றொரு பயன்பாட்டிற்கு முனையமாக நடிப்பதற்கு எப்.இ.பி.ஐ. என்றொரு வழியுண்டு. அதில் நடிக்கும் முனையத்திற்குக் கணு என்றும், நாடப்படும் பயன்பாட்டிற்கு இலக்கு என்றும், இவற்றின் தொகுதிக்குக் குளம் என்றும், ஒருமுறை எடுத்து ஆண்டு விடுவிக்கும் பேச்சிற்கு உரையாடல் என்றும் பொருள்படும் பெயர்களிட்டு ஒவ்வொன்றையும் பிரித்தே வைத்துள்ளனர். ஒரே அமர்வின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல உரையாடல்கள் நிகழலாம். வகுத்தோர் பெயர்களைப் பிரித்தது பொருள்கள் வேறானமையாலன்றோ?

இனி என் சொந்தப் பிழையொன்றைக் கூறுகின்றேன். யான் இத்தொழிலிற் புகுந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் ஒரு புறநிரல் எழுதினேன். கணக்கு எண்களின் பட்டியலிலிருந்து ஒவ்வோரெண்ணாக எடுத்துத் திரையிலெழுதி, என்டர் விசையை அழுத்தி, வரும் திரையிலுள்ள பெயரையும் தொகையையும் படியெடுத்து, கடிதங்கள் அச்சிடுவதற்குரிய ஏட்டிற் சேர்ப்பது அதன் வேலை. விடை வருவதற்குள் அடுத்த செயலைத் தொடங்கலாகாது என்பதை அறிவேன். ஆயினும் காத்திருத்தல் என்னும் கட்டளையின் இலக்கணத்தைப் படிக்கச் சோம்பி, இரண்டு விநாடி சும்மாயிரு என்று எழுதிவிட்டேன். சோதித்த நாட்களில் ஒரு விநாடிக்குள் விடை வந்தது. அதனால் என் நிரல் குற்றமற்றதென்று நம்பினேன்.

மாதக்கடைசி வந்தது. வேலைமிகுதியால் பெருங்கணிப்பொறியின் விடை தாமதித்தது. இரண்டு விநாடி கழிந்தபின் என் நிரல் படியெடுத்தது புதிய திரையையன்று; முன்னவருடைய பழைய திரையையே. அடுத்த எண்ணை எழுத முயன்றபொழுது விசைப்பலகை பூட்டியிருந்தது; அதற்கு வந்த பிழைக்குறியையும் என் நிரல் பாராட்டவில்லை. ஒருவர் கணக்கெண்ணிற்கு எதிரே மற்றொருவர் பெயரும் தொகையும் ஏறின. ஏட்டைக் கண்ட எவர்க்கும் ஐயமெழவில்லை. பெயர்கள் உண்மையானவை, தொகைகளும் உண்மையானவை. சில நாட்களுக்குப்பின் ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவர் கடிதமொன்றைக் கையிலேந்தி அலுவலகத்திற்கு வந்தார். மேலுறையில் அவர் விலாசமிருந்தது. உள்ளே வேறொருவர் பெயரும், அவர் பெறுவதினும் மிகக் குறைந்த தொகையும் இருந்தன. தம் ஓய்வூதியத்தைக் குறைத்துவிட்டார்களென்று எண்ணி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மேலதிகாரி என்னை அழைத்துக் காரணம் கேட்டபொழுது யான் கூறிய விடை இன்றும் என் நினைவில் நிற்கின்றது. "ஐயா, இணைப்பு அறவில்லை, நிரல் ஓடிய நேரமெல்லாம் இணைப்பு இருந்தது" என்றேன்.

யான் கூறியது பொய்யன்று. நான்கு வகை இணைப்பும் அன்று குறைவற இருந்தன. ஆயினும் யான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி இணைப்பைப் பற்றியதன்று. விடை வந்துவிட்டதா என்பதே. இணைப்பு என்னும் ஒரு சொல்லை எல்லாவற்றிற்கும் பொதுவாக வழங்கிப் பழகியமையால், அக்கேள்வி என் மனத்தில் எழவேயில்லை. பெயரில்லாத பொருளைப்பற்றி நினைப்பது அரிது. அக்கடிதங்களை அனுப்பிய அலுவலகத்தார் ஒவ்வொருவர்க்கும் திருத்தம் எழுதினர். அம்முதியவரிடம் யானே சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பணம் குறையாதன்றோ என்று மட்டும் இருமுறை கேட்டார்.

அப்பிழைக்குப்பின் யான் கற்றவற்றைப் பிறர்க்குப் பயன்படுமாறு தொகுத்துரைப்பேன். காத்திருத்தல் என்பது நேரத்தைக் கழித்தலன்று, நிலையை அறிதல். பூட்டு நீங்கியதா என்று முதலிற் கேட்கவேண்டும். அதுவும் போதாது, ஏனெனின், பயன்பாடு ஒரே விடையைப் பல துண்டுகளாக அனுப்பி, முதற்றுண்டோடே பூட்டைத் திறந்துவிடுதலும் உண்டு. ஆகவே வரவேண்டிய திரையின் தலைப்பு வந்ததா என்று பார்க்கவேண்டும். அதன்பின், தான் அனுப்பிய கணக்கெண்ணும் திரையில் நிற்கும் கணக்கெண்ணும் ஒன்றா என்று ஒப்பிடவேண்டும். இம்மூன்றும் நிரம்பிய பின்னரே படியெடுக்கலாம். ஒன்று தவறினும் நிரல் நின்றுவிட வேண்டும். தன் ஊகத்தால் மேற்செல்லலாகாது. ஒரு நல்ல குமாஸ்தா கண்ணிமைக்கும் பொழுதில் செய்வது இதுவேயன்றோ?

இடக்கணக்கிலும் மயக்கம் வரும். திரையின் ஆறாம் வரியில் இருபதாம் எழுத்து எச்.எல்.எல்.ஏ.பி.ஐ. முறையில் 420-ம் இடமாகும். அம்முறை ஒன்றிலிருந்து எண்ணுவது. பெருங்கணிப்பொறி அனுப்பும் செய்தியிலோ இடங்கள் பூச்சியத்திலிருந்து எண்ணப்படுவதால், அதே இடம் 419 ஆகும். எழுத்துக்களின் குறியீடும் வேறு. ஆங்கில நெடுங்கணக்கின் முதற் பேரெழுத்து மேசைக்கணிப்பொறியில் 65. பெருங்கணிப்பொறி வழங்கும் எப்ஸிடிக் முறையில் 193. இனி, புறநிரலுக்கு அமர்வுகள் ஓரெழுத்துப் பெயர்களாலேயே அறிமுகமாகின்றன. முதலிற் றிறந்தது ஒன்று, அடுத்துத் திறந்தது மற்றொன்று என அவ்வெழுத்துக்கள் அமையுமிடத்தில், நேற்றுச் சோதனைப் பொறியைக் குறித்த எழுத்து இன்று மெய்க்கணக்குப் பொறியைக் குறித்தல் கூடும். பற்றுமுன் எப்பொறியின் திரை என்று பார்த்தறிதல் அதனால் இன்றியமையாததாகும்.

விடைபெறுதலும் ஒரு கடமையே. சாளரத்தை மூடுதல் நுழைவை முடித்தலாகாது. சொல்லாது வெளியேறிய நிரலின் அடையாளப்பெயர் சிலபொழுது பெருங்கணிப்பொறியிற் றங்கிநின்று, மறுமுறை வரும்பொழுது, இப்பெயரினர் முன்னரே உள்ளார் என்னும் மறுப்பைப் பெறும். இன்னொன்று: புறநிரலுக்கு ஒரு மனிதரின் அடையாளப்பெயரைக் கடன் கொடுத்தலாகாது. நிரல் செய்த பிழை அவர் செய்ததாகவே ஏட்டில் நிற்கும். நிரலுக்கென்று தனிப்பெயரும், வேலைக்கு வேண்டிய அளவே உரிமையும் கொடுத்தல் நேர்மை.

இவற்றிற்கு மாறாகக் கூறுவாருமுளர். திரையைச் சுரண்டிப் படிக்கும் இம்முறை பழமையானது, அழியப்போவது. இதனை ஏன் கற்பிக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். பயன்பாட்டோடு நேரே பேசும் வழியிருப்பின் அதனையே கொள்ளவேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆயின் பெருங்கணிப்பொறி மறைந்துவிடவில்லை. 2022-ம் ஆண்டில் இஸட் 16 என்பதும், 2025-ம் ஆண்டில் இஸட் 17 என்பதும் புதிதாக வெளிவந்தன. 2020-ம் ஆண்டு ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலையிழந்தோர் உதவிப்பணம் வேண்டிப் பெருந்திரளாக விண்ணப்பித்தபொழுது, அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாகாணக் கவர்னர் பில் மர்பி, கோபோல் என்னும் பழைய மொழியறிந்தோர் உதவ முன்வருக என்று பலரறியக் கேட்டுக்கொண்டார். பழையது என்று இகழ்ந்து கல்லாது விட்டதன் பயன் நெருக்கடியில் வெளிப்படுகின்றது.

இப்பொழுது ஆயத்தமான கருவிகள் உள்ளன. மனிதர் செய்வதைப் பார்த்துத் தாமே பதிவுசெய்துகொள்ளும். சொற்களை அறிந்து ஆவதென்ன என்பர் மற்றொரு சாரார். கருவி கையின் அசைவைப் பதிவுசெய்யும். கை ஏன் ஒருகணம் நின்றது என்பதைப் பதிவுசெய்யாது. அந்நிறுத்தத்திற்றான் குமாஸ்தாவின் அறிவெல்லாம் இருந்தது. கருவியின் வேகம் மிகமிக, அதனை ஏவுவோனின் பொருளறிவும் மிகவேண்டுமேயன்றிக் குறையலாகாது.

தமிழில் இச்சொற்களை எவ்வாறு வழங்குவது என்பது பற்றியும் ஒரு வார்த்தை. செஷன் என்பதை அமர்வு என்க. செஷன் என்றே கூறினும் குற்றமில்லை. ஆயின் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் வரம்பை மீறலாகாது. வலைத்தொடர்பு, அமர்வு, நுழைவு, பற்று என்னும் நான்கையும் இணைப்பு என்று ஒருங்கே கூறுவோமாயின், தமிழாக்கம் உதவிசெய்வதற்கு மாறாகக் கேடு செய்ததாகும். மாணாக்கன் தன் தாய்மொழியில் அந்நான்கையும் பிரித்துச் சொல்லத் தெரிந்துகொண்டானாயின், அவன் அவற்றை உண்மையாகவே உணர்ந்தான் எனலாம்.

ஆதலின் நம் கல்லூரியின் கணிப்பொறித் துறை ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். நிரல் எழுதக் கற்பிக்குமுன் இரண்டொரு வகுப்புக்களைச் சொற்களுக்கென்றே ஒதுக்குக. மாணாக்கன் ஒருவனை முனையமாகவும், ஒருவனைப் பெருங்கணிப்பொறியாகவும், ஒருவனைப் புறநிரலாகவும் நிறுத்தி, காகிதப் படிவங்களைக் கைமாற்றச் செய்க. விடை தாமதித்தால் என்ன நேரும் என்பதை அவர்களே காண்பார்கள். பழைய மாணாக்கரான அன்பர்களும் தத்தம் பிழைகளை மறையாது இளையவர்க்கு எழுதியனுப்புக. பிறர் பிழையாற் கற்பது மலிவான கல்வி. திரைக்கு அப்பால் கடிதத்தைக் கையிலேந்தி நிற்கும் ஒருவர் எப்பொழுதும் உளர் என்பதை மறவாது, சொல்லறிந்து, காத்திருந்து, பார்த்துத் தொழில் செய்வோமாக.